பில்லை ஆறாகப் பிரித்தால் மது அருந்தாதவர் எவ்வளவு இழக்கிறார்?

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். மாதம் ஒருமுறை நவீன ஜப்பானிய ஃபியூஷன் உணவகத்தில் சேர்ந்து சாப்பிடுகிறோம். நானும் இன்னொரு தோழியும் மது அருந்துவதில்லை. எனக்குப் பச்சை மீனும் ஒத்துவராது. ஆனாலும் பில்லை ஆறாகப் பிரித்துவிடுகிறோம். என் பங்கு, கைக்கு வரும் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பெரும்பாலும் முழு பில்லையும் என் கிரெடிட் கார்டில்தான் போடுகிறோம். மற்றவர்கள் பணம் அனுப்ப மூன்று வாரம்கூட ஆகிறது. இதற்காக நட்பை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: போவதை நிறுத்தத் தேவையில்லை. உங்கள் பணம் எங்கே கரைகிறது என்பதை முதலில் எண்களில் பார்த்துவிடுவோம்.

ஆறு பேருக்கு மெனு விலைப்படி உணவு 540, மது 360, மொத்தம் 900 என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேர்ந்தால் 990. அதன்மேல் வரி 10 சதவீதம் என்றால் 1,089. ஆறாகப் பிரித்தால் தலைக்கு 181.50. உணவை மட்டும் ஆறாகப் பிரித்து, மதுவை அருந்திய நால்வருக்குள் பிரித்தால் உங்கள் பங்கு 108.90, அவர்களுடையது 217.80. நீங்கள் தொடாத கோப்பைகளுக்காக ஒவ்வொரு முறையும் 72.60 கொடுத்துவருகிறீர்கள், அதாவது உங்கள் பங்கில் 40 சதவீதம். விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும், உங்களிடம் இருக்கும் பழைய பில்லை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எனவே முதல் மாற்றம் இதுதான்: மதுவுக்குத் தனி பில். இதை பில் வந்தபின் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அது குறைகூறுவதுபோல் கேட்கும். உணவகத்துக்கும் பதிவான பில்லை உடைப்பது சிரமம். மேசை முன்பதிவு செய்யும் நாளிலேயே குழுவில் ஒரு வரி போடுங்கள்: "இந்த முறை டிரிங்க்ஸ் பில்லைத் தனியாகப் போடச் சொல்கிறேன், சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளலாம்." உட்கார்ந்ததும் சர்வரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் தோழியும் அதையே வழிமொழிந்தால் பேச்சு எளிதாக முடியும்.

பச்சை மீனுக்காகத் தனிக்கணக்கு கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. பகிர்ந்து உண்ணும் மேசையில் துண்டுக்குத் துண்டு கணக்கு வைத்தால் சாப்பாடே கசந்துவிடும். அதற்குப் பதில், முதல் சுற்று ஆர்டரில் பாதியாவது சமைத்த தட்டுகளாக இருக்கும்படி கேளுங்கள்: மிசோவில் (புளிக்கவைத்த சோயா விழுது) ஊறவைத்துச் சுட்ட மீன், டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), கியோசா (பூரணம் வைத்த கொழுக்கட்டை போன்றது), ரோபாட்டா எனும் கரி அடுப்பில் வாட்டிய காய்கறி. இருவர் மட்டும் கடல் முள்ளெலியோ, டூனா மீனின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதியான ஓட்டோரோவோ வேண்டுமென்றால் அதை மட்டும் அவர்கள் கணக்கில் எழுதலாம். மெனுவில் விலை கூடியவை அவைதான்.

உணவுப் பகுதியே ஏன் எகிறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வகைச் சமையலில் தட்டுகள் சிறியவை. சாஷிமி (சோறின்றி வரும் பச்சை மீன் துண்டு) மூன்று அல்லது ஐந்து துண்டு, மாக்கி ரோல் (கடற்பாசித் தாளில் சோற்றோடு சுருட்டியது) ஆறு அல்லது எட்டு, கியோசா ஐந்து அல்லது ஆறு. ஆறு பேர் மேசையில் மூன்று துண்டுத் தட்டு வந்தால் சர்வர் "இரண்டாகப் போடட்டுமா?" என்று கேட்பார், யாரோ ஒருவர் தலையாட்டுவார், விலை இரட்டிப்பாகும். சிறு சோற்று உருண்டைமேல் மீன் துண்டு வைத்த நிகிரியின் விலை சில இடங்களில் ஒன்றுக்கு, சில இடங்களில் ஜோடிக்கு. இதைக் கேட்காமல் ஆர்டர் செய்யாதீர்கள். வாக்யூ என்ற கொழுப்பு விரவிய ஜப்பானிய மாட்டிறைச்சியைப் பெரும்பாலும் எடைக்கணக்கில் விற்பார்கள். அதன் உச்ச தரமான A5 என்றால் கொழுப்பு அவ்வளவு அடர்த்தி. ஒருவருக்கு 60 முதல் 80 கிராமுக்கு மேல் திகட்டும். "சந்தை விலை" என்று மட்டும் எழுதியிருந்தால் இன்றைய எண்ணைக் கேட்டபின் முடிவெடுங்கள். டிரஃபிள் (மணமுள்ள நிலத்தடிக் காளான்), கேவியார் (உப்பிட்ட மீன் முட்டை) போன்றவை "மேலே சேர்க்க" என்று சிறு எழுத்தில் தனி விலையோடு நிற்கும்.

இன்னொரு காரணம் பசி. ஜப்பானிய விருந்தில் சோறும் நூடுல்ஸும் கடைசியில் வருவதே வழக்கம். அந்த முடிவு உணவுக்கு 'ஷிமே' என்று பெயர். அதுவரை சிறு தட்டுகளாலேயே வயிறு நிறைய வேண்டியிருப்பதால் மேசை ஆர்டர் செய்துகொண்டே போகிறது. நீங்கள் மரபைத் தளர்த்தி, வயிறு நிறையும் உணவை நடுவிலேயே வரச் சொல்லுங்கள். ஆறு பேருக்கு முதல் சுற்றில் எட்டு சிறு தட்டு, கூடவே இருவருக்கு ஒன்று என மூன்று சோறு அல்லது நூடுல்ஸ். பிறகு மெனுவை மூடி 20 நிமிடம் காத்திருங்கள். இரண்டாம் சுற்றுக்கு மூன்று நான்கு தட்டு போதும் என்பது அப்போது எல்லோருக்குமே தெரியும்.

உங்கள் உச்சவரம்பையும் மெனு விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சார்ஜும் வரியும் மேலே சொன்ன விகிதத்தில் இருந்தால் மெனு விலையை 1.21ஆல் பெருக்கினால்தான் கையிலிருந்து போகும் தொகை கிடைக்கும். 121 செலவழிக்க நினைத்தால் மெனுவில் 100 வரைதான் ஆர்டர் செய்யலாம். 121க்கே ஆர்டர் செய்தால் 146.41 கட்ட வேண்டிவரும். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பில்லில் டிப்ஸுக்கென ஒரு காலி இடமும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் இன்னொரு 10 சதவீதம் எழுதினால் 1,089 சுமார் 1,198 ஆகிவிடும்.

மது அருந்தும் நண்பர்களுக்கும் ஒரு சொல். சாக்கே எனும் அரிசி மது 180 மில்லி குடுவையிலும் 720 மில்லி பாட்டிலிலும் வரும். ஒரு பாட்டில் நான்கு குடுவை. குடுவை விலையை நான்கால் பெருக்கிப் பார்த்தால் எது லாபம் என்று தெரிந்துவிடும். ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொடுப்பது ஜப்பானிய வழக்கம், காலிக் கோப்பை நிரப்பப்படும். போதும் என்றால் கோப்பையைக் காலியாக்காமல் வைப்பதே வழி.

சமையல்காரரின் விருப்பத்துக்கே விட்டுவிடும் ஓமகாசே விருந்தை நண்பர்கள் சொன்னால் உடனே மறுக்காதீர்கள். தலைக்கு இவ்வளவு என்று முன்பே தெரிவதால் பட்ஜெட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் பச்சை மீன்தான் அதன் மையம். மாற்று கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், வந்தபின் கேட்டால் பெரும்பாலும் முடியாது. வராதவருக்கும் கட்டணம் பிடிக்கும் இடங்கள் உண்டு. கடைசி நேரத்தில் விலகுபவர் தன் பங்கைத் தானே கட்டுவார் என்பதைக் கார்டு எண் கொடுப்பதற்குமுன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் கார்டுதான். உங்கள் பங்கு சம்பளத்தில் பன்னிரண்டில் ஒன்று என்றால், முழு பில் பாதிச் சம்பளம். மற்ற ஐவருக்கும் சேர்த்து மாதாமாதம் பெரிய தொகையை வட்டியின்றிக் கடன் கொடுத்துவருகிறீர்கள். அந்தப் பணம் வருமுன் கெடு தேதி வந்து, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, ஆனால் வட்டி நிற்காது. பெரும்பாலான கார்டுகளில் மீதி ஒன்று தங்கிவிட்டால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கிடைக்கும் ரிவார்டு புள்ளிகள் இதற்கு ஈடாகாது.

ஆகவே முன்பணம் வாங்குங்கள். முன்பதிவு உறுதியானதும் மெனு விலைப்படி உணவுப் பங்கான தலைக்கு 90, மீதி மேசையிலேயே, எழுந்திருக்குமுன். கட்டும் பொறுப்பு மாதம் ஒருவராகச் சுழலட்டும். கார்டில் ஏற்கெனவே நிலுவை இருந்தால் அது தீரும்வரை இந்த விருந்துக்குப் போகாதீர்கள். நண்பர்களை மாலையில் தேநீருக்குச் சந்தியுங்கள்.

நிலுவை இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மது தனி என்ற கணக்கில் போங்கள். இதுவரை இரண்டு மாதத்தில் 363 போனது, இனி 108.90 போகும். மாதம் 54.45ஐச் சம்பள நாளன்றே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். 181.50 உங்கள் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் இது நாற்பதில் ஒரு பங்குதான்.