கியோட்டோவின் பழைய மர வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஜப்பானின் கியோட்டோவில் மச்சியா எனப்படும் பழைய வணிகர் வீடுகளைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். அவற்றில் தங்குவது பற்றிக் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். உறவு, நட்பு என்று யார் வந்தாலும் தங்க இடம் பார்க்கும் வேலை என் தலையில்தான் விழும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அக்கா, மச்சியாவும் ரியோகானும் ஒன்றா? இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

ப: மச்சியா என்பது தெருவைப் பார்த்த முன்பக்கம் கடையும் பின்பக்கம் குடித்தனமுமாக இருந்த நகரத்து மர வீடு. ரியோகான் என்பது சாப்பாடு, குளியல், படுக்கை எல்லாவற்றையும் அவர்களே கவனித்துக்கொள்ளும் விடுதி. பழைய மச்சியாவிலேயே ரியோகான் நடத்துபவர்களும் உண்டு. ஆனால் இணையத்தில் மச்சியா என்று தேடினால் வருவதில் நிறைய, வீட்டை முழுசாக உங்களிடம் விட்டுவிடுகிற வகை. சாவிக்குப் பதில் ஓர் எண் அனுப்புவார்கள், அல்லது அருகில் ஓர் அலுவலகத்தில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். உள்ளே போனால் நீங்களும் வீடும்தான்.

ரியோகான் என்றால் மாலை மூன்று, நான்கு மணிக்கே போய்ச் சேர வேண்டும். ஆறு, ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு. சாப்பிட்டு முடிப்பதற்குள் பணிப்பெண் படுக்கையை விரித்துவிடுவார். 'ஊர் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வருகிறேன்' என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ரியோகானில் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள், அறைக்கு இல்லை. முழு வீட்டில் பெரும்பாலும் வீட்டுக்கு இவ்வளவு. அதனால் நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முழு வீடு கட்டுப்படியாகும், இருவருக்கு ரியோகான் பொருந்தும். முடிந்தால் ஒரே ஒரு இரவு ரியோகான், மற்ற நாட்களுக்கு வேறு இடம். தினமும் பத்துப் பதினைந்து கிண்ணங்களில் வரும் சாப்பாட்டை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடுவது எல்லோருக்கும் ஒத்துவராது.

கே: உண்மையிலேயே நூறு வருஷ வீடா, இல்லை விளம்பரமா?

ப: இரண்டும் இருக்கிறது. 1864-இல் அரண்மனை வாசலில் நடந்த சண்டையில் தீப்பிடித்து கியோட்டோவின் நடுப்பகுதி பெரும்பாலும் எரிந்துபோனது. அதனால் அங்கே இன்று நிற்கிற வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கட்டியவை. 1950-இல் கட்டடச் சட்டம் வந்தபின் இந்தப் பழைய முறையில் புதிதாகக் கட்டுவது அநேகமாக நின்றது. நகராட்சியும் 1950-க்கு முந்தியவற்றைத்தான் மச்சியா என்று கணக்கெடுக்கிறது. 2016 கணக்கில் சுமார் 40,000 வீடுகள் இருந்தன. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் நாளொன்றுக்கு இரண்டு வீதம் இடித்திருக்கிறார்கள். வாரிசு வரி, பராமரிப்புச் செலவு, குடியிருந்த முதியவர்கள் மறைவது என்று காரணங்கள் பல. 2017-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். நகராட்சி குறித்துவைத்த வீடுகளை இடிப்பதானால் ஒரு வருடம் முன்பே தெரிவிக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறு வழி கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படிக் கிடைக்கிற வழிகளில் ஒன்றுதான் விடுதி.

புதிதாகக் கட்டி, முன்னால் மரச் சட்டம் மாட்டி, மச்சியா பாணி என்று விற்பவையும் இருக்கின்றன. கட்டிய ஆண்டைக் கேளுங்கள். நேர்மையான இடங்கள் முகப்பிலேயே போட்டிருப்பார்கள். படங்களில் மேலே ஓடும் வளைந்த உத்தரங்கள் தெரிகிறதா என்றும் பாருங்கள். அவற்றை மறைத்துப் பொய்க்கூரை போட்டிருந்தால் நான் யோசிப்பேன்.

கே: உள்ளே எப்படி இருக்கும்? படத்தில் குகை மாதிரி நீளமாகத் தெரிகிறதே.

ப: நீளம்தான். நம் அக்ரஹாரத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. வாசல் குறுகல், ஆழம் அதிகம், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு. வாசல் அகலத்தை வைத்து வரி போட்டதால்தான் இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

கதவைத் தள்ளினால் ஒரு பக்கம் மண் தரையோடு பின்கட்டுவரை ஓடும் நடை. அதுதான் பழைய சமையல்கட்டு. அடுப்புப் புகை போக அந்த இடத்துக்கு மேல் மாடி கிடையாது, கூரைவரை வெறும் வெளி. புதுப்பிக்கும்போது பெரும்பாலும் இங்கேதான் சமையல் மேடையும் குளியலறையும் வைக்கிறார்கள். அடுப்புக்கு அருகே அதாகோ கோயிலின் காகிதக் காப்பு ஒட்டியிருந்தால் கவனியுங்கள். தீ ஜாக்கிரதை என்று எழுதியிருக்கும். ஊரே எரிந்த நினைவுள்ளவர்களின் பழக்கம் அது.

இன்னொரு பக்கம் ஓர் அடி உயர்ந்த தளத்தில் வரிசையாக அறைகள், தரையெல்லாம் டாடாமி பாய். கியோட்டோ பாய் டோக்கியோ பாயைவிடப் பெரியது, சுமார் 191-க்கு 95 சென்டிமீட்டர். ஆகவே ஆறு பாய் விரிக்கும் அறை என்று இரண்டு ஊரிலும் சொன்னாலும் இங்கே சற்று தாராளம். கடைசி அறைக்கு முன்னால் கையகலத் தோட்டம், ஒரு கல் விளக்கு, கொஞ்சம் பாசி. அழகுக்கு மட்டும் அல்ல. வெயிலில் காயும் தெருப்பக்கத்துக்கும் குளிர்ந்த தோட்டத்துக்கும் இடையே காற்று ஓட வேண்டும் என்பது கணக்கு. தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் பல வீடுகளின் ஓட்டின் மேல் தாடி வைத்த சிறு பொம்மை முறைத்துக்கொண்டிருக்கும். ஷோகி, பேயோட்டி. ஓட்டிய பேய் தங்கள் பக்கம் வந்துவிடுமே என்று எதிர்வீட்டுக்காரர்கள் அதைவிட பலமான ஒன்றை வைத்து பதில் கொடுப்பதும் உண்டாம்!

கே: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் இல்லை. ரியோகான் சாப்பாடு ஒத்துவருமா மேடம்?

ப: அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற மீனைத் தவிர்ப்பது சுலபம். சிக்கல் டஷி என்கிற சாறில்தான். கொம்பு என்ற கடற்பாசியோடு காய்ந்த மீன் சீவலையும் போட்டு எடுப்பார்கள். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் குழம்பு என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். கீரைக்கு மேலே அலங்காரமாகவும் மீன் சீவல் தூவுவார்கள். நீங்கள் சைவம் என்று மட்டும் சொன்னால் 'இறைச்சி வேண்டாம்' என்று புரிந்துகொண்டு மீன் வைத்துவிட வாய்ப்பு அதிகம்.

முன்பதிவு செய்யும்போதே எழுதுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லை, மீன் சேர்ந்த டஷியும் கூடாது, கொம்பு டஷி பரவாயில்லை. வெங்காயம், பூண்டு சாப்பிடாதவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியும் அல்லது முடியாது என்று பதில் வரும். முடியாது என்றால் மரியாதைக் குறைவு இல்லை, அவர்கள் சமையல் முழுக்க அந்தச் சாறின் மேல் நிற்கிறது. போய் உட்கார்ந்தபிறகு சொல்வதுதான் தவறு. அன்றைய சாப்பாட்டை அவர்கள் முன்கூட்டியே தீர்மானித்து வாங்கி வைத்திருப்பார்கள்.

இரவுச் சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுப்பது இன்னொரு வழி. கியோட்டோவில் ஷோஜின் என்ற புத்த மடத்துச் சமையல் இருக்கிறது, அதில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. அராஷியாமாவில் தென்ர்யூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்ற உணவகம் அதை மதியத்தில் பரிமாறுகிறது. டோஃபு, பால் ஏடு போலிருக்கும் சோயா யூபா, உள்ளூர்க் கத்தரி, முள்ளங்கி எல்லாம் இந்த ஊரின் பெருமை. ருசி மெல்லியதாக இருக்கும், ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுவருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கே: முழு வீடு எடுத்தால் நாமே சமைக்கலாமா?

ப: அடுப்பு இருந்தால் சமைக்கலாம், அனேகமாக மின்சார அடுப்புதான். சாதம், ரசம், தயிர் சாதம் தாராளமாகச் செய்யுங்கள். எண்ணெயில் கடுகும் மிளகாயும் வெடிக்கவிட்டுத் தாளிப்பது மட்டும் வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவி கத்தும். அது நின்றாலும் மண் சுவரும் பாயும் அந்த வாசனையை விடாது, அடுத்து வருகிறவர் முறையிடுவார். சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் கேட்ட இடங்களும் உண்டு.

கே: அப்பாவுக்கு 72, முட்டி வலி. அழைத்துவரலாமா?

ப: வீட்டைப் பொறுத்தது. மாடிப்படி ஏணிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சில வீடுகளில் படிக்கு அடியிலேயே இழுப்பறைகள் இருக்கும், பார்க்க அழகு, இறங்க பயம். கீழ்த்தளத்தில் படுக்கையறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போது பல இடங்களில் தாழ்வான கட்டில் போட்டிருக்கிறார்கள், அதைத் தேர்ந்தெடுங்கள். தரைமெத்தை என்றால் இரண்டு மெத்தை கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். கால் இல்லாத நாற்காலி போதாது, உயரமான நாற்காலி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். கழிப்பறை மேற்கத்திய முறைதான், வெந்நீர் பீச்சும் வசதியோடு இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் உயரம், குளியல் தொட்டியின் விளிம்பு, இந்த இரண்டையும் படத்தில் கவனியுங்கள்.

கே: ஜனவரியில் வருகிறோம். குளிருமா?

ப: குளிரும். இந்த வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் ஊர், ஜூலை ஆகஸ்டில் புழுங்கித் தள்ளும், அதற்காகக் காற்றோட்டம் வைத்தார்கள். குளிர்காலத்தில் அதே காற்று உங்கள் காலடியில் ஓடும். அறைக்குள் ஏசி வெதுவெதுப்பாக்கும், ஆனால் நடையும் கழிப்பறைக்குப் போகும் வழியும் விறைக்கும். தரைக்கடியில் சூடேற்றும் வசதி செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், அது இருந்தால் கதையே வேறு. தடிமனான காலுறை கட்டாயம். கோடையில் வருகிறவர்கள், காகிதக் கதவுகளை எடுத்துவிட்டு நாணல் தட்டி மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். எனக்கு அந்த மாற்றம் ரொம்பப் பிடிக்கும். என்ன இருந்தாலும் ஏசி போட்டுத்தான் தூங்குவேன்.

கே: குளியலில் ஏதோ முறை இருக்கிறதாமே?

ப: தொட்டிக்கு வெளியே சிறு மணையில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட்டு, பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது. ஒரே வெந்நீரில் வீட்டார் அனைவரும் மாறி மாறி இறங்குவார்கள், அதனால் முதல் ஆள் வெளியே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடாதீர்கள். சூடு 40 டிகிரிக்கு மேல் இருக்கும். குழந்தைகளுக்குக் குறைத்து வையுங்கள்.

கே: யுகாட்டாவை எப்படிக் கட்டுவது? டிப்ஸ் எவ்வளவு?

ப: யுகாட்டா என்பது விடுதியில் தரும் பருத்தி அங்கி. அதன் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. டிப்ஸ் வேண்டாம்.

கே: இரண்டு வயதுப் பையன். காகிதக் கதவைக் கிழித்துவிட்டால்?

ப: கிழிப்பான். மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஒரு கட்டத்தின் காகிதம் மாற்றுவது அவர்களுக்குப் புதிதல்ல. அதைவிடச் சுவர் கவலை. மண் பூச்சு, தேய்த்தால் உதிரும். சுவர் மாடத்தில் படம் தொங்கவிட்டு பூ வைத்திருக்கும் இடத்தில் பையையும் பையனையும் வைக்காதீர்கள். சில விடுதிகள் சின்னக் குழந்தைகளை ஏற்பதில்லை, வயது வரம்பைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கே: நிலநடுக்கம் வந்தால் மர வீடு தாங்குமா?

ப: பழைய முறையில் தூணைக் கல்லின் மேல் வெறுமனே நிறுத்தியிருப்பார்கள், அடித்தளத்தோடு பிணைக்க மாட்டார்கள். மூங்கில் பின்னலில் மண் பூசிய சுவர். ஆட்டம் வந்தால் வீடு வளைந்து கொடுக்கும். ஆனால் அது இன்றைய சட்டம் கேட்கிற பலத்துக்கு ஈடு என்று நினைத்துவிடக் கூடாது. புதுப்பிக்கும்போது நிலநடுக்க வலுவூட்டல் செய்தீர்களா என்று கேட்டு எழுதி வாங்கலாம், தப்பில்லை. ஆடும்போது தெருவுக்கு ஓடாதீர்கள், சந்து குறுகல், ஓடு விழும்.

கே: அக்கம்பக்கத்தார் முறைக்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா?

ப: முறைக்கக் காரணம் இருக்கிறது. சுவர் ஒட்டிய வீடு, அடுத்த பக்கம் தொண்ணூறு வயதுப் பாட்டி எட்டு மணிக்கே படுத்திருப்பார். இரவு பதினொரு மணிக்கு கல் பாவிய சந்தில் பெட்டிச் சக்கரத்தை உருட்டினால் தெரு முழுக்கக் கேட்கும். அதனால்தான் நகராட்சி 2018-இலிருந்து பிடியை இறுக்கியது. வரவேற்பாளர் இல்லாத முழு வீட்டு விடுதி என்றாலும் பொறுப்பாளர் பத்து நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கேட்டால் காட்டுங்கள், அது சட்டம். குப்பையைத் தெருவில் வைக்காமல் அவர்கள் சொன்னபடி பிரித்து உள்ளேயே விட்டுவிடுங்கள்.

கியோன் என்ற பகுதியில் தங்குகிறவர்களுக்கு ஒன்று. அங்கே தனியார் சந்துகளில் நுழையவோ படம் எடுக்கவோ கூடாது, மீறினால் 10,000 யென் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். 2024-இல் சில சந்துகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியும்விட்டார்கள். விருந்துகளில் ஆடிப்பாடும் கெய்ஷா பெண்கள் வேலைக்குப் போகிற வழி அது. அவர்களை வழிமறித்துப் படம் எடுத்தவர்களால் வந்த வினை.

கே: எந்தப் பகுதி, எந்த மாதம்? பட்ஜெட் சின்னது.

ப: கியோன் வேண்டாம் தம்பி. நெசவாளர் வாழ்ந்த நிஷிஜின் பக்கம் பாருங்கள். சில வீடுகளில் தறி இருந்த அறையின் உயரம் இன்னும் அப்படியே இருக்கும், இரவில் அமைதி, விலையும் குறைவு. செர்ரி பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கமும், இலை சிவக்கும் நவம்பர் பின்பாதியும் விலை எகிறும். ஜனவரி, பிப்ரவரி மலிவு, குளிர் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஜூலை 17-ஆம் தேதியை ஒட்டி வந்தால் கியோன் திருவிழாத் தேர்களைப் பார்க்கலாம். தேருக்கு முந்தைய இரவுகளில் சில பழைய குடும்பங்கள் முன்னறையைத் திறந்து தங்கள் மடக்குத் தட்டி ஓவியங்களைத் தெருவில் போகிறவர்களுக்குக் காட்டுவார்கள். காசு கொடுத்துத் தங்காமலே மச்சியாவுக்குள் எட்டிப்பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை.

தங்கும் வரியையும் கணக்கில் சேருங்கள். 2026 மார்ச் 1 முதல் ஏற்றியிருக்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6,000 யென்னுக்குக் கீழ் என்றால் 200, 20,000-க்குக் கீழ் 400, 50,000-க்குக் கீழ் 1,000, ஒரு லட்சத்துக்குக் கீழ் 4,000, அதற்கு மேல் 10,000 யென். முழு வீட்டு வாடகையைத் தலைக்கு வகுத்துத்தான் பார்ப்பார்கள். பல இடங்களில் முன்பதிவுத் தொகையில் இது சேராது, போய்ச் சேர்ந்தபின் கேட்பார்கள்.

கே: நான்கு பெரிய பெட்டி இருக்கிறது, சந்துக்குள் கார் போகுமா?

ப: போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலோ முந்தைய விடுதியிலோ பெட்டிகளைக் கூரியரில் போட்டுவிட்டால் பெரும்பாலும் மறுநாள் வந்து சேரும். ஆள் இல்லாத வீட்டில் யார் வாங்குவார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஓர் இரவுக்கான துணியைத் தோள்பையில் எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். பெட்டி வந்தபிறகு சக்கரத்தைத் துடைத்து மண் தரை நடையிலேயே நிறுத்துங்கள், பாய்மேல் ஏற்ற வேண்டாம்.