பிளோயரை (காத்து ஊதுற மெஷின்) ரெண்டு தடவை பேலன்ஸ் பண்ணியும் அதிர்வு குறையல, ரெசனன்ஸ்னு சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல செக் பண்ண முடியுமா?

முடியும்ங்க. ஆனா கம்ப்யூட்டர்ல மாடல் போடறதுக்கு முன்னாடி மெஷினை நிறுத்திட்டு ஒரு தட்டு தட்டிப் பாருங்க. நான் சேலம், ஆத்தூர், தலைவாசல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி, ஸ்பின்னிங் மில்லுனு வைப்ரேஷன் பார்க்கிற வேலைதான் செய்யறேன். நீங்க எழுதியிருக்கீங்கல்ல, ஸ்டார்ச் டிரையர் பிளோயர், 1440 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 1440 சுத்து), இரும்பு பிளாட்ஃபார்ம் மேல இருக்கு, பக்கவாட்டுல மட்டும் ஆடுதுன்னு, அதைப் படிச்சதும் எனக்கு சந்தேகம் உள்ள சுத்தி காத்தைத் தள்ளுற இம்பெல்லர் சக்கரத்து மேல வரல, அதைத் தாங்குற இரும்புச் சட்டத்து மேலதான் வந்துச்சு.

பேலன்ஸ் இல்லாத இம்பெல்லர் சுத்திச் சுத்தி எல்லாப் பக்கமும்தான் தள்ளும். மேல கீழ ஆடறதை விட பக்கவாட்டுல கொஞ்சம் கூட ஆடறது சகஜம், ஆனா நாலு மடங்கு அஞ்சு மடங்குன்னா அந்தத் திசைல சட்டம் அதைப் பெருக்கிக் காட்டுதுன்னு அர்த்தம். ஏற்காடு மலை ஏறுற பஸ்ல பார்த்திருப்பீங்க, இன்ஜின் ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுக்கு வந்தா ஒரே ஒரு ஜன்னல் மட்டும் கடகடன்னு அடிக்கும், டிரைவர் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சா நின்னுடும், இன்ஜின்லயும் கோளாறு இல்ல ஜன்னல்லயும் கோளாறு இல்ல, ரெண்டோட ஃப்ரீக்வென்சியும், அதாவது செகண்டுக்கு எத்தனை தடவை ஆடுதுங்கற கணக்கும், ஒண்ணாச் சேர்ந்துடுச்சு, அவ்வளவுதான், ரெசனன்ஸ்ங்கறது இதுதான்.

உங்க மோட்டார்ல விஎஃப்டி (மோட்டாருக்குப் போற கரண்ட்டோட ஹெர்ட்ஸை மாத்தி ஸ்பீடை மாத்தற கருவி) இருந்தா செலவே இல்லாம ஒரு டெஸ்ட் பண்ணலாம். 50 ஹெர்ட்ஸ்ல ஓடறதை 47க்குக் கொண்டு வாங்க. ஸ்பீடு 6 சதவீதம் குறையும், பேலன்ஸ் பிரச்சினை மட்டும்னா தள்ளுற விசை 12 சதவீதம் போலத்தான் குறையும், ஏன்னா அது ஸ்பீடோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். அதிர்வு பாதியா விழுந்துச்சுன்னா ரெசனன்ஸ்தான். குறையாம கூடிச்சுன்னாலும் சந்தேகத்தை விடாதீங்க, சட்டத்தோட நேச்சுரல் ஃப்ரீக்வென்சி (தட்டி விட்டா அது தானா ஆடற ஃப்ரீக்வென்சி) ஓடற ஸ்பீடுக்குக் கீழ இருந்தா இறக்கும்போது அதை நோக்கித்தானே போறோம். பேலன்சிங் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னும் இதுலயே புரிஞ்சுடும், ரெசனன்ஸ் பக்கத்துல ஸ்பீடு துளி மாறினாலும் ஃபேஸ் (சுத்துல எந்தக் கோணத்துல அதிர்வு உச்சத்துக்குப் போகுதுங்கறது) நிறைய மாறும், அப்போ எந்த இடத்துல வெயிட் ஒட்டணும்னு போடற கணக்கே ஆட்டம் கண்டுடும்.

இப்ப தட்டிப் பார்க்கறது. பவரை கட் பண்ணி ஃபியூஸைக் கழட்டி கைல வெச்சுக்கோங்க, பக்கத்துல இதே 1440ல ஓடற மெஷின் இருந்தா அதையும் நிறுத்துங்க, இல்லன்னா அதோட 24 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 24 தடவை) அதிர்வு தரை வழியா உங்க ரீடிங்ல வந்து உக்காந்துக்கும். பேரிங் ஹவுசிங்ல பக்கவாட்டா ஆக்ஸிலரோமீட்டரை (அதிர்வு அளக்கற சென்சார்) காந்தத்தோட ஒட்டிட்டு, ரப்பர் சுத்தியல் இல்லன்னா நல்ல கனமான கட்டைல அதே திசைல ஒரே அடி, அடிச்சதும் கையை எடுத்துடணும். அதிர்வை ஃப்ரீக்வென்சி வாரியா பிரிச்சு கிராஃப் காட்டற அனலைசர்ல ரேஞ்ச் 200 ஹெர்ட்ஸ், 800 லைன் வெச்சா கால் ஹெர்ட்ஸ் வரைக்கும் பிரிச்சுக் காட்டும். அனலைசர் செட்டிங்ல ஹானிங் விண்டோவை (பதிவோட ரெண்டு முனையையும் மங்க வைக்கறது) எடுத்துட்டு யூனிஃபார்ம் வைங்க, அடிச்ச அதிர்வு ஆரம்பத்துலதான் இருக்கும், ஹானிங் அந்த ஆரம்பத்தையே அழிச்சுடும். மேல கீழ, அச்சுத் திசைலயும் இதே மாதிரி தட்டுங்க. 1440ஐ 60ஆல வகுத்தா 24, உங்க கிராஃப்ல 20லேர்ந்து 28க்குள்ள ஒரு மேடு எழுந்து நின்னா அதுதான் ஆள். ஓடற ஸ்பீடுக்கும் நேச்சுரல் ஃப்ரீக்வென்சிக்கும் குறைஞ்சது 15, 20 சதவீதம் தள்ளி இருக்கணும்.

ஃபோன் ஆப்ல பார்க்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. ஃபோன் செகண்டுக்கு 100 தடவை அளக்குதுன்னா 50 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கறது எதையும் நம்ப முடியாது. 24ஐ மட்டும் பார்க்க ஓரளவு உதவும், பிளேடு ஃப்ரீக்வென்சிக்கு (ஸ்பீடை பிளேடு எண்ணிக்கையால பெருக்கினது) ஆகாது, 8 பிளேடுன்னா அதுவே 192 ஆயிடும்.

கம்ப்யூட்டர் மாடலுக்கு வர்றேன். ஆத்தூர் பக்கம் ஒரு ஃபேக்டரில ரிப்போர்ட் காட்டினாங்க, கலர் கலரா படம், ஓடற ஸ்பீடு பக்கத்துல ரெசனன்ஸே இல்லன்னு எழுதியிருந்துச்சு. மாடல்ல தூண் அடியைக் கல்லு மாதிரி பிடிச்சு வெச்சதா எடுத்திருந்தாங்க, நேர்ல பார்த்தா பேஸ் பிளேட்டுக்கு அடில ஊத்தி நிரப்பற கிரவுட் கலவை இல்லாம காலியா கிடக்கு, போல்ட்டு இறுக்கமும் இல்ல. சாஃப்ட்வேர் மேல தப்பில்ல, நாம கொடுத்ததைத்தானே அது கணக்குப் போடும். எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம்ங்க, அந்த ரிப்போர்ட்டை நம்பி இம்பெல்லரையே புதுசா மாத்திட்டாங்க, அதிர்வு அப்படியே இருந்துச்சு.

அதனால மொதல்ல தட்டி வந்த நம்பரை எடுத்துக்கோங்க, மாடல்லயும் அதே நம்பர் வர்ற வரைக்கும் அடில இருக்கற ஸ்டிஃப்னஸை (வளையாம நிக்கற விறைப்பு) மாத்துங்க, அதுக்கப்புறம்தான் மாடல் சொல்றதைக் கேட்கலாம். அப்போ அது பெரிய உதவி. மோட் ஷேப்ல (சட்டம் எப்படி ஆடுதுன்னு காட்டற படம்) எந்த இடம் அதிகமா ஆடுது, எந்தத் தூணுக்கும் தூணுக்கும் நடுவுல குறுக்கா இரும்பு ஆங்கிள் போட்டா ஃப்ரீக்வென்சி எவ்வளவு ஏறும்னு இரும்பு வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். ஸ்டிஃப்னஸை ரெண்டு மடங்கு ஆக்கினா ஃப்ரீக்வென்சி 1.41 மடங்குதான் ஏறும், அதாவது 24 இருந்தது 34 ஆகும், உங்களுக்கு அது தாராளம். பெரிய பிளேட்டா வெல்டு வெச்சுடலாம்னு யாராவது சொன்னா உடனே ஒத்துக்காதீங்க, எடை கூடினா ஃப்ரீக்வென்சி இறங்கும், ஒரு பக்கம் ஏத்தினதை இன்னொரு பக்கம் அதுவே இறக்கிடும். குறுக்கு ஆங்கிள்தான் கம்மி எடைல நிறைய வேலை செய்யும். விஎஃப்டில ஸ்கிப் ஃப்ரீக்வென்சி செட் பண்ணி, ரெசனன்ஸ் வர்ற ஸ்பீடுல நிக்காம தாண்டி ஓட்டறதும் ஒரு வழி, ஆனா உங்க டிரையருக்கு அந்த ஸ்பீடுல காத்து வேணும்னா அது சரிப்படாது.

உங்க பிளாட்ஃபார்ம்லயும் மொதல்ல கிரவுட்டையும் போல்ட்டையும் பார்த்து சரி பண்ணுங்க, கிரவுட் நல்லா செட் ஆன பிறகு மறுபடி தட்டிப் பாருங்க, மேடு 24ஐ விட்டு நகர்ந்துச்சான்னு தெரிஞ்சுட்டு ஆங்கிளுக்கு ஆர்டர் கொடுங்க.