டின்னில் 4, கணக்கில் 7: மச்சான் சொன்னதுதான் சரி

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். கடையில் வாங்கிய 1.7 கிலோ மால்ட் (முளைகட்டிய பார்லியின் பாகு) டின், ஒரு கிலோ சர்க்கரை, 23 லிட்டர் தண்ணீர் என்று முதல் முறையாக வீட்டில் பீர் போட்டேன். ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டி வரும் என்று டின்னில் போட்டிருந்தது. கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் முதல் நாள் 1.062 காட்டியது, இரண்டு வாரம் கழித்து 1.008. கணக்குப் போட்டால் 7 வருகிறது. என் மச்சான் இரண்டு பாட்டில் குடித்துவிட்டு, ‘இது ஏழா? தண்ணி மாதிரி இருக்கு’ என்கிறார். எது சரி? அடுத்த முறை நிஜமாகவே 5 வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கணக்கில் பிழை இல்லை. முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்க வேண்டும், 0.054ஐப் பெருக்கினால் 7.1 வரத்தான் செய்யும். ஆனால் அந்த 1.062 பொய். அந்த வாளியில் அவ்வளவு சர்க்கரை இருந்திருக்கவே முடியாது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், டின்னில் பீர் போடுகிறவர்களுக்கு முதல் நாள் எண்ணைக் கருவியே இல்லாமல் கண்டுபிடிக்க முடியும். ஒரு கிலோ சர்க்கரையைக் கரைத்து மொத்தம் ஒரு லிட்டர் ஆக்கினால், தண்ணீரின் 1.000க்கு மேல் 384 புள்ளி ஏறும் என்பது கணக்கு (ஒரு புள்ளி என்பது 0.001). டின்னில் வரும் பாகு மால்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் அதற்குக் கிலோவுக்குச் சுமார் 300. உங்கள் வாளியில் மால்ட் 510, சர்க்கரை 384, ஆக 894. அதை 23ஆல் வகுத்தால் 39. அதாவது 1.039. கடைசியில் 1.008 என்றால் வித்தியாசம் 31 புள்ளி, ஆல்கஹால் 4.1 சதவீதம். டின்காரர் சொன்னதும் அதுதான், மச்சானின் நாக்கு சொன்னதும் அதுதான்.

அப்புறம் 1.062 எங்கிருந்து வந்தது? நன்னாரி சர்பத் போடுவதை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி டம்ளரில் சாற்றை ஊற்றி, மேலே தண்ணீரை விட்டு, கலக்காமல் அடியில் ஒரு ஸ்ட்ராவை விட்டு உறிஞ்சினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்கள் வாளியிலும் அதுதான் நடந்திருக்கும். பாகை வெந்நீரில் கரைத்து, மேலே பச்சைத் தண்ணீரை 23 லிட்டர் கோடு வரை விட்டு, கரண்டியால் இரண்டு சுற்று சுற்றி, அடியில் இருக்கும் குழாயைத் திறந்து சாம்பிள் பிடித்திருப்பீர்கள். கனமான கரைசல் அடியில் தங்கும். குழாயும் அங்கேதான் இருக்கிறது. டின்னில் பீர் போடுகிற புதியவர்கள் எனக்கு அனுப்பும் விநோத எண்களில் பெரும்பாலானவை இந்தக் குழாய் வழியாக வந்தவைதான். மேலிருந்து மொண்டிருந்தால் 1.025 கூடக் காட்டியிருக்கலாம். ஈஸ்ட்டுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. அது பொங்கும்போது வாளி முழுவதும் தானாகவே கலந்துவிடும். அதனால்தான் உங்கள் 1.008 நம்பத்தக்க எண்.

அடுத்த முறை நீளமான கரண்டியால் அடிவரை விட்டு, கை வலிக்கிற அளவு, ஐந்து நிமிடமாவது கலக்குங்கள். ஈஸ்ட் தூவுவதற்கு முன் கரைசலில் காற்று கலந்தால் ஈஸ்ட்டுக்கு நல்லதுதான். குழாயிலிருந்து முதலில் வரும் அரை டம்ளரைத் திரும்ப வாளியில் ஊற்றிவிட்டு அதற்கடுத்து வருவதைப் பிடியுங்கள். கிடைக்கும் எண்ணை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டு, இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் விலகினால் கணக்கையே நம்புங்கள்.

ஹைட்ரோமீட்டரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 20 டிகிரித் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும். என்னுடைய முதல் கருவியை ஆறாத கரைசலில் அவசரப்பட்டு விட்டேன். கண்ணாடித் தண்டுக்குள் ஒட்டியிருந்த அளவுகோல் காகிதம் பசை இளகி ஒரு நூல் இறங்கிவிட்டது. அது தெரியாமல் ஒரு வருடம் என் பீர்களைப் பற்றி நானே பெருமை பேசிக்கொண்டிருந்தேன். கரைசல் 30 டிகிரியில் இருந்தால் எண் இரண்டு மூன்று புள்ளி குறைத்துக் காட்டும். சூடு ஏற ஏற இந்தப் பிழையும் கூடும். ஆறவிட்டு அளப்பதே நல்லது. கடைசி அளவில் வேறொரு தொல்லை. பீரில் கரைந்திருக்கும் வாயு, குமிழ்களாகக் கருவியில் ஒட்டி அதை மேலே தூக்கும். சாம்பிளை இரண்டு டம்ளருக்கு இடையே டீ ஆற்றுவது மாதிரி நாலு முறை ஆற்றிவிட்டு, கருவியை விரலால் ஒரு சுழற்று சுழற்றி, நின்றதும் பாருங்கள். கண்ணாடியோரம் மேலேறி நிற்கும் விளிம்பைப் பார்க்காமல், நடுவில் தட்டையாக இருக்கும் மட்டத்தைப் படிக்க வேண்டும். ஆற்றிய சாம்பிளைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள். குடித்துவிடலாம்.

சில ஹைட்ரோமீட்டரில் ‘வரக்கூடிய ஆல்கஹால்’ என்று இன்னொரு கோடும் இருக்கும். அது முதல் நாளுக்கானது. கடைசி நாளில் அது 1 காட்டினால் பீர் 1 சதவீதம் என்று அர்த்தமில்லை, புளிக்காமல் மிச்சம் இருப்பதன் அடர்த்தியைத்தான் அது காட்டுகிறது. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் முதல் நாளுக்கு மட்டுமே சரி. ஆல்கஹால் வந்தபின் ஒளி வேறு மாதிரி வளையும். திருத்தக் கணக்கு போடாவிட்டால், ‘புளிப்பது பாதியில் நின்றுவிட்டது’ என்று வீணாகப் பதறுவீர்கள். சாராயத்துக்கென்று விற்கும் ஆல்கஹால் மீட்டர் பீருக்கு உதவவே உதவாது.

சரி, 5 சதவீதம். பீரின் வலு முக்கியமாக முதல் நாளே முடிவாகிவிடுகிறது, அதாவது எத்தனை புள்ளிச் சர்க்கரை, எத்தனை லிட்டரில் என்பதில். எல்லோரும் செய்வது இன்னொரு கிலோ சர்க்கரை போடுவது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீதம் ஆல்கஹால் தரும் என்பதால் 23 லிட்டரில் அந்தக் கிலோ 2.5 சதவீதத்தைக் கூட்டிவிடும். ஆனால் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாகிப் போய், வாயில் நிற்க ஒன்றும் இருக்காது. மச்சான் அப்போதும் தண்ணி என்றுதான் சொல்வார், தலை மட்டும் மறுநாள் வலிக்கும். அதற்குப் பதில் அரை கிலோ உலர் மால்ட் தூள் சேருங்கள். அது கிலோவுக்குச் சுமார் 370 புள்ளி, ஆக 894உடன் 185. 23ஆல் வகுத்தால் 1.047. மால்ட்டில் புளிக்காத பகுதியும் உண்டு என்பதால் கடைசி எண் 1.010ஐ ஒட்டி நிற்கும். 4.9 சதவீதம், கொஞ்சம் சதைப்பற்றும் இருக்கும். செலவே வேண்டாம் என்றால் தண்ணீரை 20 லிட்டரில் நிறுத்திவிடுங்கள். 1.045 வரும், ஆல்கஹால் 4.7. எனக்குப் பிடித்த வழி இதுதான், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பும் சேர்ந்து கூடும்.

பாட்டிலில் அடைக்கும்போது வாயுவுக்காகப் போடும் சர்க்கரையையும் மறக்க வேண்டாம். 23 லிட்டருக்கு 150 கிராம் போட்டால் இன்னொரு 0.3, 0.4 சதவீதம் ஏறும். உங்கள் 4.1 பீர் இப்போது பாட்டிலில் நாலரைக்கு அருகில் இருக்கிறது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து எண் அசையாமல் நின்றால் மட்டுமே அடையுங்கள். இல்லையென்றால் மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் பொங்கும், கண்ணாடி வெடிக்கும்.

எண் மேலே போய்விட்டால் இறக்குவது சுலபம். 20 லிட்டரில் 1.060 வந்துவிட்டது, 1.048 போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60ஐ 20ஆல் பெருக்கி 48ஆல் வகுத்தால் 25. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் 5 லிட்டர் விட்டால் போதும். இதை ஈஸ்ட் போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பீராகி முடிந்தபின் தண்ணீர் விட்டால் அதோடு போகும் காற்று ருசியைக் கெடுக்கும். வலுவைக் குறைக்கப் பீரைக் கொதிக்க வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், மிஞ்சுவது பீராக இருக்காது.

பின்னாளில் டின்னை விட்டுத் தானியத்துக்குப் போனால் இன்னொரு பிடி கிடைக்கும். மால்ட்டை 64, 65 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம் வரும், பீர் வறண்டு வலுவாகும். 69இல் ஊறவைத்தால் தின்ன முடியாத மாப்பொருள் துண்டுகள் மிஞ்சி, அதே மால்ட்டில் வலு குறைந்து கனம் கூடும். ஈஸ்ட் வகையைப் பொறுத்தும் கடைசி எண் மாறும். சேசான் என்ற பெல்ஜிய வகை பீருக்கான ஈஸ்ட்களில் சில அந்தத் துண்டுகளையும் வெட்டித் தின்று 1.002 வரை இறக்கிவிடும்.

இந்த முதல் நாள் எண் மேல் இங்கிலாந்துக்காரர்களுக்கு இருக்கும் பிடிப்புக்குக் காரணம் வரி. 1880இல் பீர் வரியைப் புளிக்கும் முன்னுள்ள அடர்த்தியின் மேல் போட ஆரம்பித்தார்கள். ஆல்கஹால் சதவீதத்துக்கு மாறியது 1993இல்தான். வீட்டில் பீர் போட உரிமம் வேண்டாம் என்றானது 1963இல். காய்ச்சி வடிப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் பீரையும் உரிமம் இல்லாமல் வீட்டில் தயாரிக்கக் கூடாது.

2024 கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு வீட்டு பீரில் மெத்தனால் வருமா என்று கேட்டு எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அங்கே உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். மால்ட்டும் ஈஸ்ட்டும் புளித்து வரும் பீரில் ஆபத்தான அளவுக்கு அது உண்டாவதில்லை.

கடைசியாக, பாட்டில் மூடியில் மார்க்கரால் சதவீதத்தை எழுதி வையுங்கள். இங்கிலாந்தில் மது அளவைச் சொல்லும் ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். நாலரை சதவீதத்தில் 500 மில்லி பாட்டில் இரண்டு என்றால் நாலரை யூனிட், தண்ணி மாதிரி இருந்தாலும் சரி. மச்சான் அன்று எப்படி வீடு திரும்பினார் என்று நீங்கள் எழுதவில்லை.