வாசகர் கேள்வி பதில்: மரைன் டேங்க்குக்கு (கடல் மீன் தொட்டி) உப்புத் தண்ணி

கேள்வி: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல டேங்க் வாங்கியாச்சு. கடையில "தண்ணி ரொப்பி உப்பைக் கொட்டுங்க, சாயந்திரமே க்ளவுன் மீன் விடலாம்"னு சொல்றாங்க. உண்மையாவா சார்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: சாயந்திரமே மீன் விடுறது வேண்டவே வேண்டாங்க. உப்பு கரைஞ்சு ஒரு நாள் ஆகணும், அதுக்கப்புறம் மீன் கழிவுல வர்ற அமோனியாவை மாத்துற பாக்டீரியா டேங்க்ல வளரணும், அதுக்கு எப்படியும் 4லேருந்து 6 வாரம் புடிக்கும். டெஸ்ட் கிட்ல அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டுன பிறகுதான் முதல் மீன்.

இப்ப அளவுக்கு வருவோம். உங்க டேங்க் கணக்குப்படி 191 லிட்டர், ஆனா மேல விடுற இடைவெளி, மணல், பாறை எல்லாம் போக 150 லிட்டர்தான் நிக்கும். மரைன் சால்ட் (மரைன் டேங்க்குக்குன்னே விக்கிற உப்பு) பெரும்பாலும் லிட்டருக்கு 36லேருந்து 38 கிராம், அதாவது அஞ்சரை கிலோ பக்கம், உங்க பாக்கெட்ல என்ன போட்டிருக்குன்னும் பாத்துக்கங்க. முதல்லயே மொத்தத்தையும் போட்டுடாதீங்க, 5 கிலோ போட்டு அளந்துட்டு மீதிய சேருங்க.

முக்கியமான விஷயம், தண்ணிய முதல்ல ஊத்தி, பம்ப் ஓட விட்டு, அதுக்கப்புறம்தான் உப்பை கொஞ்சம் கொஞ்சமா தூவணும். உப்பை அடியில கொட்டிட்டு மேல தண்ணி ஊத்துனீங்கன்னா அந்த கொஞ்ச தண்ணியில உப்பு ரொம்ப கெட்டியாகி கால்சியமும் கார்பனேட்டும் ஒண்ணா சேந்து வெள்ளையா அடியில படிஞ்சிரும், அது அப்புறம் எவ்வளவு கலக்குனாலும் கரையாது, பவளம் எலும்புக்கூடு கட்ட வேண்டிய சத்து அங்கேயே வீணாப்போச்சு. சரியா கலந்தா முதல்ல பால் மாதிரி கலங்கி, சில மணி நேரத்துல பளிச்சுனு தெளியும். 25, 26 டிகிரி சூட்டுல ஒரு ராத்திரி முழுக்க பம்ப் ஓடட்டும்.

டேங்க் காலியா இருக்கறதால இந்த முதல் தடவை மட்டும் டேங்க்லயே கலக்கலாம். மீன் வந்த பிறகு தனியா ஒரு ஃபுட் கிரேட் பிளாஸ்டிக் டிரம்லதான், டேங்க் உள்ள உப்பு போடவே கூடாது, கரையாத உப்பு மீன் செவுள்லயும் பவளத்து மேலயும் பட்டா புண்ணாயிடும்.

தண்ணியில உப்பு எவ்வளவுன்னு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்க. முள்ளு ஆடுற ஹைட்ரோமீட்டர்ல ஒரு சின்ன காத்துக்குமிழி ஒட்டுனா போதும், உப்பு அதிகமா காட்டிடும். ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில ரெண்டு சொட்டு விட்டு அதோட மூடியைக் குமிழி இல்லாம சாத்தி, அரை நிமிஷம் பொறுத்து வெளிச்சத்தப் பாத்து புடிங்க, நீலமும் வெள்ளையும் சேர்ற கோடு 35 பிபிடில (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) நிக்கணும், ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது ஒப்படர்த்தின்னா 1.026. அதை 35 பிபிடி கேலிப்ரேஷன் திரவம் வெச்சு அப்பப்ப சரிபாருங்க.

கேள்வி: கடற்கரை பக்கத்துலயே வீடு. கடல் தண்ணியவே கேன்ல புடிச்சு ஊத்துனா என்ன? இல்ல கல்லுப்பு போட்டா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: ரெண்டும் வேணாம்மா. நம்ம கரையோரத் தண்ணியில கூவமும் அடையாறும் கொண்டு வர்ற சாக்கடை கலக்குது. உப்பும் வருஷம் பூரா ஒரே அளவு நிக்காது, வடகிழக்கு பருவமழை சமயத்துல வடக்க கங்கை, பிரம்மபுத்ரா கொட்டுன நல்ல தண்ணி கரையோட நீரோட்டத்துல தெக்க இறங்கி வருது, கூட இங்க பெய்யிற மழை வேற, உப்பு 35க்கு நல்லாவே கீழ போயிரும்.

கல்லுப்பு கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. உப்பளத்துல கடல்தண்ணி காயும்போது கால்சியம் முதல்ல படிஞ்சு பிரிஞ்சிரும், மெக்னீசியம் கடைசியில மிஞ்சுற கசப்புத் தண்ணியோட போயிடும். கடல்ல லிட்டருக்கு மெக்னீசியம் சுமார் 1300 மில்லிகிராம், கால்சியம் 400க்கு மேல, பொட்டாசியம் 400 கிட்ட இருக்கு, இதெல்லாம் மரைன் சால்ட்லதான் கிடைக்கும்.

கேள்வி: வீட்டு ஆர்ஓ தண்ணி, இல்லன்னா 20 லிட்டர் கேன் தண்ணி போதுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஒரு டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு, மினரலோட மொத்த அளவு) மீட்டரை முக்கிப் பாருங்க, உங்களுக்கே தெரிஞ்சிரும். குடிக்கிற ஆர்ஓல ருசிக்காக மினரல் சேப்பாங்க, இல்ல டிடிஎஸ் கன்ட்ரோலர் வழியா பச்சைத் தண்ணிய கொஞ்சம் கலப்பாங்க. நமக்கு வேண்டியது டிடிஎஸ் 0. மெம்பரேன் தாண்டுன உடனே மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாடி ஒரு பைப் எடுத்து அதுல டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் (மிச்சமிருக்கற உப்பையும் உறிஞ்சிடும்) மாட்டச் சொல்லுங்க, மெக்கானிக் சுலபமா செஞ்சுடுவாரு. போர் தண்ணிய நேரா ஊத்தவே ஊத்தாதீங்க, அதுல இருக்கற நைட்ரேட்டும் சிலிகேட்டும் பாசிக்கு தீனி, மாசக்கணக்குல கண்ணாடி தேச்சுக்கிட்டே இருப்பீங்க.

கேள்வி: முதல்ல 35 வெச்சேன், இப்ப 38 காட்டுது. உப்பு எதுவும் போடலியே?
– வாசகர், மதுரை

பதில்: தண்ணிதான் ஆவியாகும், உப்பு அப்படியே நிக்கும். மேல ஃபேன் ஓடுனா மதுரை வெயிலுக்கு வேகமா வத்தும், 150 லிட்டர்ல 5 லிட்டர் போனாலே 35 வந்து 36.2 ஆயிடும். குறையிறத தினமும் வெறும் ஆர்ஓ டிஐ தண்ணியால ரொப்பணும், நிறைய பேர் இங்கதான் உப்புத் தண்ணிய ஊத்தி ஏத்தி விட்டுடறாங்க. கண்ணாடி பின்பக்கம் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சுக்கங்க. முதல்ல அந்தக் கோடு வரைக்கும் ரொப்பிட்டு மறுபடி அளங்க. அப்பவும் 38 நின்னா 150 லிட்டர்ல மொத்தம் 12 லிட்டர் எடுத்துட்டு அதே அளவு ஆர்ஓ டிஐ தண்ணி ஊத்துங்க, ஒரே நாள்ல வேணாம், தினம் 4 லிட்டர்னு 3 நாள்ல செய்ங்க, பவளமும் இறாலும் திடீர் மாத்தம் தாங்காது.

கேள்வி: திறந்து வெச்ச உப்பு பை கல்லாயிடுச்சு. உபயோகிக்கலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: லேசா கட்டி தட்டியிருந்தா உடைச்சுப் போட்டுக்கலாம். கல்லாவே இறுகியிருந்தா ஈரம் பட்டு உள்ளேயே கால்சியம் கார்பனேட் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு, அதனால ஒரு பக்கெட் கலக்கி கேஎச் (தண்ணியில இருக்கற கார்பனேட் அளவு), கால்சியம் ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க. கேஎச் 7க்கு கீழ வந்தா அந்தப் பையை விட்டுடுங்க. அடுத்த பையை பிரிச்சதும் இறுக்கமா மூடுற டப்பாவுக்கு மாத்திடுங்க, எடுக்கறதுக்கு முன்னாடி டப்பாவ நல்லா உருட்டி கலந்துட்டு எடுங்க, ஏன்னா கனமான தூள் எல்லாம் அடியில போய் தங்கியிருக்கும்.