ஆர்வமில்லாத பெண் ஏன் பக்கத்தில் நிற்கிறாள்?

கேள்வி: எனக்கு 39 வயது. அலுவலகத்துக்கும் விசேஷங்களுக்கும் பொருந்துகிற மாதிரி, கண்ணை உறுத்தாத நியூட்ரல் நிறங்களில் ஐ ஷேடோவும் நெயில் பாலிஷும் தேடுகிறேன். மூன்று பேலட், ஏழெட்டு பாலிஷ் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் கறுப்பு. இமையில் எதைத் தடவினாலும் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. பாலிஷ் போட்டால் விரல்கள் இன்னும் கறுத்துத் தெரிகின்றன. என் சின்ன மகள் (8 வயது) அவள் அப்பா நிறம். அவள் விரலில் போட்டுப் பார்த்தால்தான் எது நல்ல ஷேடு என்றே எனக்குப் புரிகிறது. பெரியவள் (13 வயது) என்னை மாதிரி. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. எனக்கு எந்த நிறம் எடுக்கும்? ஒரு வாரமாக இமை வேறு அரிக்கிறது, ஐ ஷேடோவை நிறுத்தியும் நிற்கவில்லை. நல்ல பிராண்டாகச் சொல்லுங்கள்.

பதில்: பிராண்ட் சொல்லப்போவதில்லை. அது இருக்கட்டும், பெரியவளைப் பற்றிப் பேசுவோம்.

ஆர்வம் இல்லாத 13 வயதுப் பெண் என்ன செய்வாள்? அறையைவிட்டு எழுந்து போவாள். போனை எடுத்துக்கொண்டு மூலையில் சாய்வாள். உங்கள் மகள் பக்கத்தில் நிற்கிறாள். நீங்கள் ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு, தங்கையின் கை உங்கள் மடியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கையை நீங்கள் ஒருமுறையாவது கேட்டீர்களா? கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அப்படி ஒரு வரி இல்லை. யாரும் கேட்காமல் விட்ட பிள்ளை ஆர்வமில்லாத மாதிரி காட்டிக்கொள்ளும். அதற்கு அதுதான் மானம்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. எந்த நிறத்தில் உடை எடுப்பது, எந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது என்று வேறு வேறு கேள்வியாக வரும். உள்ளே ஒரு பிள்ளை ஓரமாக நிற்கும். எழுதுகிறவர்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள், நீங்கள் போன மாதிரியே.

‘வேண்டுமென்று செய்யவில்லை, இரண்டு பேருக்கும் சமமாகத்தானே எல்லாம் செய்கிறேன்’ என்பீர்கள். துணிமணி, படிப்பு, வைத்தியம் எல்லாவற்றிலும் சமம் பார்ப்பவர்தான் என்று நம்புகிறேன். ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘எவ்வளவு நல்லா இருக்கு’ என்று சொல்கிறீர்களே, அதுவும் பங்கில் சேர்த்திதான். பெற்றவள் அதில் ஓரவஞ்சனை செய்யக் கூடாது. இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. உங்கள் சின்ன வயதில் உங்கள் நிறத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள், அந்த வலி இன்னும் இருக்கும். இருக்கட்டும். அதற்காக அதை உங்களைப் போலவே இருக்கிற பெண்ணிடம் தள்ளிவிட முடியுமா?

13 வயதுக்கு நெயில் பாலிஷ் எதற்கு என்று கேட்கிற கட்சிக்காரிதான் நான். 8 வயதுக்காரிக்குப் போட்டுவிட்ட வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது.

சரி, நிறத்துக்கு வருவோம். உங்கள் தவறான கணக்கும் இதே இடத்தில்தான் இருக்கிறது. நியூட்ரல் என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. போடுகிறவரின் தோலோடு ஒட்டிப்போவதுதான் அவருக்கு நியூட்ரல். சின்னவள் விரலில் அடங்கித் தெரிகிற வெளிர் பழுப்பு உங்கள் விரலில் துருத்திக்கொண்டுதான் நிற்கும். அவள் கையில் பார்த்து உங்களுக்கு வாங்கினால் எத்தனை பாட்டில் வாங்கினாலும் இதே கதைதான்.

சாம்பல் பூசினாற்போல் தெரிவதற்கும் காரணம் உண்டு. ஐ ஷேடோவின் பழுப்பு பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து வருவது. அதை வெளிறச் செய்ய டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியைச் சேர்ப்பார்கள். அந்த வெள்ளை கூடக்கூட, கருமையான தோலில் சுண்ணாம்புத் திரை போட்ட மாதிரி நிற்கும். திக்கான வெளிர் பாலிஷிலும் இதே சமாசாரம்தான். அதில் உங்கள் தோலின் குற்றம் எதுவும் இல்லை. கறுப்புத் தோலைக் கணக்கில் எடுக்காமல் அளவுகோல் போடுவது மேக்கப்காரர்களின் பழக்கம் மட்டுமல்ல. தோல் மருத்துவர்கள் பயன்படுத்துகிற ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு 1975ல் வந்தபோது வெள்ளைத் தோலைத்தான் நான்கு வகையாகப் பிரித்தது. பழுப்புக்கும் கறுப்புக்குமான ஐந்தாவதும் ஆறாவதும் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. 2017ல் ஃபென்டி பியூட்டி என்ற மேக்கப் நிறுவனம் ஒரே ஃபவுண்டேஷனை 40 ஷேடில் கொண்டுவந்ததே பெரிய செய்தியானது என்றால் அதுவரை கடை அலமாரி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, வெளிர் நிறங்களை விட்டுவிட்டு உங்கள் தோலின் ஆழத்திலிருந்து தொடங்குங்கள். இமை முழுவதும் தடவுவது உங்கள் தோலுக்குச் சமமான அல்லது ஒரு படி அடர்ந்த பழுப்பாக இருக்கட்டும். இமை மடிப்பில் அதைவிட இரண்டு படி அடர்த்தியாக, மினுக்கம் இல்லாத மேட் ரகம் வேண்டும். செம்மண், செம்பு, வெண்கலம், ஊதா கலந்த பழுப்பு, இவையெல்லாம் உங்களுக்கு அடக்கமான நிறங்கள்தான். கொஞ்சம் மினுமினுப்பு வேண்டுமென்றால் தங்கம், செம்பு பக்கம் போங்கள், வெள்ளி பக்கம் வேண்டாம். பாலிஷில், நகத்தின் சொந்த நிறம் லேசாகத் தெரிகிற மெல்லிய ரகம் ஒன்று. திக்காக வேண்டுமென்றால் நகத்தைச் சுற்றியிருக்கும் தோலைப் பார்த்து, அதை ஒட்டிய அல்லது அதைவிட அடர்ந்த பழுப்பு ஒன்று. இந்த இரண்டு போதும். ஏழெட்டு எதற்கு?

ஒப்பிடுகிற முறையையும் மாற்றுங்கள். முன்கையின் உட்புறத்தில் கோடு கோடாகத் தடவிப் பார்ப்பது வீண். அந்த இடம் முகத்தைவிட வெளுப்பு. வலது இமையில் ஒன்று, இடது இமையில் ஒன்று போடுங்கள், இரண்டுக்கும் அடியில் ஒரே பிரைமர், அதாவது அடிப்பூச்சு. பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று, கண்ணாடியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். யாரும் உங்கள் இமையை மூக்கு உரச நின்று பார்க்கப்போவதில்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாப் பழுப்பும் இதமாகத்தான் தெரியும், ஏமாறாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இமையில் எண்ணெய் ஊறியதும் சில ஷேடுகள் அடர்ந்துவிடும், சில மடிப்பில் போய்ச் சேர்ந்துவிடும். பாலிஷை பாட்டிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒளி ஊடுருவுகிற செயற்கை நகங்களில் இரண்டு கோட்டிங் அடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றாக விரல்மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் விரல்மேல்.

அப்புறம், பெரியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மன்னிப்புக் கேட்கிற நாடகம் வேண்டாம். அந்த வயதில் அவளுக்கு அது கூச்சத்தைத்தான் தரும். அடுத்த முறை நீங்கள் ஜன்னலோரம் உட்காரும்போது, ‘நம்ம ரெண்டு பேருக்கும் எது எடுக்குதுன்னு பார்த்துச் சொல்லு’ என்று கையை நீட்டுங்கள். ‘நம்ம’ என்று வாயில் வருகிறதா என்று முதலில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் ‘எனக்கு வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பினால் வற்புறுத்தாதீர்கள், முதல் தடவை அப்படித்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். சின்னவள் தன் கையை நீட்டிக்கொண்டு வந்தால் திட்டாதீர்கள், அவளும் குழந்தை; ‘இன்னிக்கு அக்கா முறை’ என்று சொல்லுங்கள். வீட்டில் யாராவது இரண்டு பெண்களின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பேசினால், அது உங்கள் கணவராகவே இருந்தாலும், பிள்ளைகள் காதில் விழும்படியே நிறுத்தச் சொல்லுங்கள். ‘பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள்.

அரிப்பைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஐ ஷேடோவை நிறுத்தியும் நிற்கவில்லை என்றால் பாலிஷைச் சந்தேகப்படுங்கள். பாலிஷில் இருக்கும் சில பிசின்களும் ஜெல் பாலிஷில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனங்களும் ஒவ்வாமை தரக்கூடியவை, அது விரலில் தெரியாமல் இமையில் கிளம்புவது தோல் மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். நகம் கெட்டி, இமைத் தோல் மெல்லியது, கை அடிக்கடி கண்ணுக்குப் போகிறது. எல்லா பாலிஷையும் இன்றே துடைத்துவிடுங்கள், சின்னவள் விரலில் இருப்பதையும் சேர்த்து. அதற்குப் பிறகும் அரிப்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கிற சோதனை அது. போகும்போது பேலட், பாலிஷ், ரிமூவர் மூன்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போய் ‘ஏதோ பழுப்பு நிறம், டாக்டர்’ என்றால் அவர் என்ன செய்வார்?