பத்து ரூபாய் நோட்டில் இருக்கிறது பாடம்

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், வெளியே பாதித் தமிழ் பாதி மலையாளம். மகன் இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். 'டூ மேங்கோ', 'டென் கோகனட்' என்றுதான் பேசுகிறான், எழுதுகிறான். டீச்சர் ஒருமை பன்மை நூறு சொல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். கடகடவென்று ஒப்பிக்கிறான், அடுத்த நிமிஷம் மறுபடியும் 'டூ மேங்கோ'. ஒரே ஒரு தடவை எஸ் சேர்த்து எழுதினான், அதற்கும் ஸ்பெல்லிங் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். இரண்டு மொழி கலந்து குழம்புகிறானா? மலையாளம் பேசுவதைக் குறைக்கட்டுமா?

பதில்: ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பதினைந்து மொழிகளில் தொகை அச்சாகியிருக்கும். தமிழில் 'பத்து ரூபாய்'. உங்களுக்கு மலையாளம் படிக்கத் தெரிந்தால் அதையும் பாருங்கள், 'பத்து ரூப'. இரண்டிலும் பன்மை இல்லை. தெலுங்கில் 'பதி ரூபாயலு' என்று இருக்கும். அந்தக் கடைசி 'லு'தான் தெலுங்கின் பன்மை. இங்கிலீஷில் 'டென் ருபீஸ்', அதிலும் எஸ் உண்டு.

உங்கள் மகன் செய்வது இதைத்தான். 'பத்து' என்று சொன்ன பிறகு 'ரூபாய்கள்' எதற்கு என்று தமிழும் கேட்கிறது, மலையாளமும் கேட்கிறது. கடையில் போய் 'பத்து தேங்காய்கள் கொடுங்கள்' என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். மனிதர் அல்லாத பெயர்களுக்குத் தமிழில் 'கள்' கட்டாயமே இல்லை. நன்னூல் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. மாடு வந்தது, மாடு வந்தன: பெயர் மாறவில்லை, வினையை வைத்துத்தான் ஒன்றா பலவா என்று தெரியும். பேச்சுத் தமிழில் அந்த வினையும் மாறுவதில்லை. பத்து மாடு வந்தாலும் 'வந்துச்சு'தான். மலையாளத்திலும் ஒரு பசுவானாலும் ஒன்பது பசுவானாலும் 'வந்நு'தான். எண்ணிக்கையைச் சொல்லும் வேலை முழுக்க எண்ணுப்பெயரின் தலையில்.

ஆகவே பையன் குழம்பவில்லை. தமிழ் இலக்கணத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டு அதை இங்கிலீஷுக்கும் போட்டுப் பார்க்கிறான். மலையாளத்தைக் குறைப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, இந்த விஷயத்தில் இரண்டு மொழியும் ஒரே கட்சி. ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கம் தெலுங்கும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. எண்ணுக்குப் பின்னால் பன்மை வரும் என்பது அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் தெலுங்கில் பாலும் தண்ணீரும்கூடப் பன்மை: பாலு, நீள்ளு. அந்தப் பிள்ளைகளுக்கு 'மில்க்'கில் எஸ் வராது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அந்த நூறு சொல் பட்டியலை ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். டீச்சர் பரீட்சை வைத்தால் ஒப்பிக்கட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் பட்டியல் பேச்சில் இறங்காது. 'மேங்கோ மேங்கோஸ், கேட் கேட்ஸ்' என்பது அவனுக்கு வாய்ப்பாடு மாதிரி ஒரு பாட்டு. 'டூ' என்று வாயெடுத்ததும் எஸ் தானாக வர வேண்டும். அதற்கு எண்ணையும் பெயரையும் சேர்த்தே கேட்டுப் பழக வேண்டும்.

காலையில் பல் விளக்கும்போது தொடங்கலாம். நாம் 'பல் விளக்கு', 'கை கழுவு', 'காலைத் துடை', 'கண்ணை மூடு' என்போம். ஒரு பல்லையா விளக்குகிறோம்? இருந்தும் ஒருமையில்தான் சொல்கிறோம், மலையாளமும் அப்படியே. இங்கிலீஷில் 'பிரஷ் யுவர் டீத்', 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்', 'வைப் யுவர் ஃபீட்', 'க்ளோஸ் யுவர் ஐஸ்'. எல்லாம் பன்மை. இந்த நான்கை மட்டும் தினமும் அந்தந்த வேலை நடக்கும்போது சொல்லிவாருங்கள். 'ஒரு கை'யை மட்டும் நீட்டச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கிவ் மீ யுவர் ஹேண்ட்' என்று சொல்லி ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுங்கள். பட்டியலில் கடைசிப் பக்கத்தில் பயமுறுத்திக்கொண்டிருக்கும் 'டீத்', 'ஃபீட்' இரண்டும் இப்படி முதல் வாரத்திலேயே வாய்க்கு வந்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு முப்பது வருஷம் மாரடித்ததில் எனக்குக் கைகொடுத்த வழி இது.

அடுத்தது மாங்காய். உங்கள் ஊரிலிருந்து முதலமடை எவ்வளவு தூரம்? சீசனில் கூடை கூடையாக வரும். ஒரு காயைக் கையில் எடுத்து 'எ மேங்கோ' என்று சொல்லுங்கள், இன்னொன்று சேர்த்து 'டூ மேங்கோஸ்'. அந்த 'எ' முக்கியம். எஸ் விட்டுப்போவதை எல்லோரும் திருத்துகிறார்கள், 'எ' விட்டுப்போவதை யாரும் கவனிப்பதில்லை. தமிழில் 'நாய் பார்த்தேன்' என்றால் போதும். இங்கிலீஷில் எண்ணக்கூடிய பொருளின் பெயர் ஒருமையில் மொட்டையாக நிற்காது. முன்னால் 'எ', 'த', 'மை' என்று ஏதாவது ஒன்று வேண்டும், அதில்லாவிட்டால் பின்னால் எஸ் போட்டுப் பன்மையாக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே விளையாட்டில் சொல்லிக்கொடுத்தால் ஒன்று மற்றொன்றை நினைவுபடுத்தும். அப்புறம் 'திஸ் இஸ்', 'தீஸ் ஆர்' என்று நீட்டலாம். நம் பேச்சில் வினை மாறாததால் 'இஸ்', 'ஆர்' வேறுபாடு எஸ்ஸைவிடத் தாமதமாகத்தான் வரும், அவசரப்பட வேண்டாம்.

அவன் தப்பாகச் சொல்லும்போது நிறுத்தி 'தப்பு, மறுபடி சொல்லு' என்று சொல்லாதீர்கள். 'டூ மேங்கோ' என்றால் 'ஓ, டூ மேங்கோஸா? யாருக்கு?' என்று சரியான வடிவத்தைக் கலந்து பேச்சைத் தொடருங்கள். எஸ்ஸைக் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

சில சொற்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: பஸ், பாக்ஸ், கிளாஸ், பிரஷ். 'பஸ்' என்ற சொல்லே 'ஸ்' ஓசையில் முடிவதால் பிள்ளையின் காதுக்கு அது ஏற்கெனவே பன்மை போலக் கேட்கும். இது நம் பிள்ளைகளுக்கு மட்டுமான தொல்லை இல்லை. 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்ட நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு விநோதப் பிராணியின் படத்தைக் காட்டி, அதன் பெயர் 'வக்' என்றார். இரண்டு இருந்தால் என்ன என்று கேட்டார். இல்லாத சொல், எந்தப் பட்டியலிலும் கிடையாது; ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் எஸ் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். 'டாஸ்' என்ற இன்னொரு பொய்ச்சொல் வந்ததும் பலர் தடுமாறி அப்படியே விட்டுவிட்டார்கள். 'கிளாஸஸ்' என்று சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி. ஆகவே 'பஸ்ஸஸ்', 'பாக்ஸஸ்', 'பிரஷஸ்' என்று அந்தக் கூடுதல் அசையைக் கை தட்டி எண்ணிப் பழக்குங்கள்: பஸ் ஒரு தட்டு, பஸ்ஸஸ் இரண்டு தட்டு. வாயில் அசை கூடினால் எழுத்தில் இ-யும் எஸ்ஸும் சேர வேண்டும் என்பதும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். 'டாக்ஸ்' என்பதில் கடைசி ஓசை உண்மையில் இசட். இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள், அதனால் யாருக்கும் பொருள் மாறிவிடாது.

இன்னும் கொஞ்ச நாளில் 'ஃபுட்ஸ்', 'சைல்ட்ஸ்', 'மவுஸஸ்' என்று சொல்ல ஆரம்பிப்பான். அன்றைக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். விதி அவனுக்குள் இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. இங்கிலீஷ்காரப் பிள்ளைகளும் இந்தப் படியைத் தாண்டித்தான் போகிறார்கள். மென், ஃபீட், கீஸ், மைஸ் எல்லாம் பழைய இங்கிலீஷ் காலத்து உயிரோசை மாற்றத்தின் மிச்சம். சில்ட்ரன், ஆக்ஸன் இரண்டிலும் கடைசியில் இருப்பது பழைய பன்மை விகுதி. இவற்றை மட்டும் மனப்பாடமாகவே கற்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு சொல்தான். ஷீப், டியர் மாறவே மாறாது. 'இதுதான் நம்ம மாடு மாதிரி' என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வான்.

ஸ்பெல்லிங் விதிகள் (ஒய் போய் ஐ, இ, எஸ் வருவது, 'லீஃப்' 'லீவ்ஸ்' ஆவது) இரண்டாம் வகுப்புக்கு அவசரமில்லை. பேச்சில் நின்ற பிறகு எழுத்தில் ஒரே வாரத்தில் வரும்.

ஒரு எச்சரிக்கை, இது பெரியவர்களுக்கு. 'ஒரு லேடீஸ் வந்தாங்க', 'ஒரு சிப்ஸ் எடு' என்று நாமே சொல்கிறோம். பன்மையாகவே தமிழுக்கு வந்து ஒருமையாகக் குடியேறிவிட்ட சொற்கள் இவை. தமிழ்ப் பேச்சில் அவை இருந்துவிட்டுப் போகட்டும், இங்கிலீஷ் பேசும்போது 'எ லேடி', 'எ சிப்' என்று பிரித்துக் காட்டினால் போதும். ஊருக்குள் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று எழுத்திலும் எழுதிய கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது 'ஃபர்னிச்சர்ஸ்' என்ற பலகை கண்ணில் படாமல் போகாது. ஃபர்னிச்சருக்கு இங்கிலீஷில் எஸ் கிடையாது. அரிசி, தண்ணீர், பால் மாதிரி அதையும் எண்ணுவதில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் பலகையில் தப்பு கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆரம்பியுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தப்பைப் பிடிப்பதைவிடச் சுகமான வேலை வேறு இல்லை.

கடைசியாக அந்தச் சிவப்பு மை. நோட்டை எடுத்துப் பாருங்கள். ஓ-வுக்குப் பின்னால் இ போடாமல் வெறும் எஸ் போட்டிருந்தானா? அப்படியென்றால் அது தப்பே இல்லை. 'மேங்கோ'வின் பன்மையை இ சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம், நல்ல அகராதிகள் இரண்டையும் ஒப்புக்கொள்கின்றன. 'பொட்டேட்டோ', 'டொமேட்டோ' இரண்டுக்கும் இ கட்டாயம். 'ஃபோட்டோ', 'பியானோ'வுக்குக் கூடாது. டீச்சரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த தடவை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அகராதியில் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய், 'இதுவும் சரிதானா மிஸ்?' என்று கேளுங்கள். பையன் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள்.