ஆட்டுத்தோல் பதனிடுதல்: வீட்டிலா, ஆலையிலா? – கேள்வி பதில்

கேள்வி: விருந்துக்குக் கிடாய் அடித்தோம். தோலை எறிய மனமில்லை. முதலில் என்ன செய்வது? (மாங்குளம்)

பதில்: உப்புப் போடுங்கள். வீடா ஆலையா என்பதெல்லாம் பிறகு. வன்னி வெக்கையில் உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் மழுங்கிய கத்தியால் சுரண்டிவிட்டு, இரண்டு கிலோ தோலுக்கு ஒரு கிலோ உப்பு என்ற கணக்கில், கழுத்து, கால் மடிப்பு எதையும் விடாமல் தேயுங்கள். ஆனையிறவு உப்பளத்தை அருகில் வைத்துக்கொண்டு உப்புக்குக் கஞ்சத்தனம் எதற்கு? சரிவான பலகையில், நிழலில் நீர் வடியட்டும். மறுநாள் நனைந்த உப்பைத் தட்டிவிட்டுப் புதிது போடுங்கள். வேலியில் வெயில்பட விரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்: மேலே விறைத்துவிடும், உள்ளே அழுகும். இழுத்ததும் மயிர் கொத்தாகக் கையோடு வந்தால் புதைத்துவிடுங்கள்; ஆலைக்காரராலும் அதை மீட்க முடியாது.

கேள்வி: ஆவாரம்பட்டையில் எத்தனை நாள் ஊறவேண்டும்? (துணுக்காய்)

பதில்: நாள் கணக்கை நம்பாதீர்கள். சுண்ணாம்பு நீரில் மயிர் நீக்கி, சுண்ணாம்பு போகக் கழுவியபின் முதலில் ஐதான சாற்றிலும், படிப்படியாகக் கடுஞ்சாற்றிலும் போடுங்கள். எடுத்த எடுப்பில் கடுஞ்சாறு என்றால் மேற்பரப்பு இறுகி, உள்ளே சாறு இறங்காது. சில வாரங்கள் பிடிக்கும். கழுத்தோரத்தில் சிறு துண்டு வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தின் நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. இரும்பு வாளி வேண்டாம். பட்டைச்சாறு இரும்பில் பட்டால் தோல் மைபோலக் கறுத்துவிடும்.

கேள்வி: ஆலையில் போடும் குரோமிய உப்பை வாங்கி வீட்டில் செய்யலாமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: கூடாது. வாரக்கணக்கான வேலையை ஒரே நாளில் முடித்துவிடும், உண்மைதான். கழிவுநீரை எங்கே ஊற்றுவீர்கள்? கிணறு அதே வளவுக்குள்தானே இருக்கிறது! மாட்டுத்தோலையும் ஆலைக்கே விட்டுவிடுங்கள். அந்தப் பாரத்தை ஈரத்தோடு புரட்ட ஒருவரால் ஆகாது. அனுப்புமுன், ஒற்றைத் தோலை எடுப்பார்களா, உங்கள் தோலே திரும்பி வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பறைக்கு ஆலைத்தோல் நல்லதா? (முள்ளியவளை)

பதில்: பதனிட்ட தோலே ஆகாது, ஆலையானாலும் வீடானாலும். மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத்தோலில்தான் நாதம் எழும்.

கேள்வி: காட்டோரம் செத்துக் கிடந்த புள்ளிமானின் தோலை எடுக்கலாமா? (நெடுங்கேணி)

பதில்: தொடாதீர்கள். வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.